நன்கொடை தந்தவர் பெயர் யாருக்குத் தெரியக் கூடாது?

2018 ஏப்ரலில் ஒரு பத்திரிகையாளர் ஸ்டேட் பாங்கில் ஆயிரம் ரூபாய்த் தேர்தல் பத்திரம் இரண்டை வாங்கினார். பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர மத்திய அரசு கொண்டுவந்த தாள் அது. அவர் வாங்கியது எந்தக் கட்சிக்கும் கொடுக்க அல்ல. தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்க. சாதாரணமாகப் பார்த்தால் அந்தத் தாளில் வாங்கியவர் பெயரும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. புற ஊதா விளக்கின் கீழே வைத்ததும் ஒரு மூலையில் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு ஒன்று தெரிந்தது. இரண்டு தாளிலும் வெவ்வேறு குறியீடு.

செய்தி வெளியானதும் நிதி அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. போலிப் பத்திரம் வராமல் தடுக்கத்தான் அந்த எண். வாங்கியவர் பெயருடனோ கட்சியின் பெயருடனோ சேர்த்து வங்கி அதைக் குறித்துவைப்பதில்லை என்றது. சரி என்று விட்டார்கள். ஆறு வருடம் கழித்து, 2024 மார்ச்சில், உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகக் கேட்டபோது அந்த எண்கள் ஸ்டேட் பாங்கிடம் பத்திரமாக இருந்தன. யார் வாங்கிய பத்திரம் எந்தக் கட்சிக் கணக்கில் விழுந்தது என்று நாடு முழுக்கப் பொருத்திப் பார்த்தது அதை வைத்துத்தான்.

அந்தத் திட்டத்துக்கு அரசு சொன்ன முக்கியமான நியாயம் நன்கொடையாளரின் தனியுரிமை. எதிர்த்தவர்கள் சொன்னது வாக்காளரின் அறியும் உரிமை. இரண்டும் தனித்தனியாகக் கேட்டால் நியாயமாகவே இருக்கும். அதனால்தான் இந்த விவாதம் எந்த நாட்டில் நடந்தாலும் ‘ரகசியமா, வெளிப்படையா’ என்று இரு தரப்பாகப் பிரிந்து நின்றுவிடுகிறது. எனக்கு அந்தக் கேள்வியே கோணலாகப் படுகிறது. ரகசியம் என்றால் யாருக்கு ரகசியம்? அரசுக்கே தெரியாத ரகசியம் ஒரு வகை. வாக்காளருக்குத் தெரியாமல் அரசு வங்கிக்கு மட்டும் தெரிந்தால் அது வேறு வகை. பணத்தை வாங்கும் வேட்பாளருக்கே தெரியாது என்றால் அது முற்றிலும் இன்னொன்று. மூன்றையும் ‘தனியுரிமை’ என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

முதல் வகைக்கு அலபாமா. அமெரிக்காவின் அந்தத் தென்மாநிலத்தில் 1955 டிசம்பரில் மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். காரணமாக இருந்தவர், வெள்ளையருக்குப் பேருந்து இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ். என்ஏஏசிபி என்ற கறுப்பின உரிமைச் சங்கத்தின் நகரக் கிளையில் செயலாளராக இருந்தவர். புறக்கணிப்பு தொடங்கிய சில வாரங்களில் அவருடைய தையல் வேலை போயிற்று. ஊருக்கே முகம் தெரிந்தவருக்கு இந்தக் கதி. அடுத்த ஆண்டு மாநில அரசு வழக்குப் போட்டு, சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் பெயர், முகவரியோடு ஒப்படைக்கச் சொன்னது. பதிவுச் சட்டத்தைச் சங்கம் பின்பற்றவில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. சங்கம் மற்ற ஆவணங்களைக் கொடுத்தது, நிர்வாகிகள் பெயரைக்கூடக் கொடுத்தது. சாதாரண உறுப்பினர் பட்டியலை மட்டும் கொடுக்க மாட்டோம் என்றது. நீதிமன்றம் முதலில் 10,000 டாலர் அபராதம் போட்டது, அப்புறம் அதை ஒரு லட்சம் டாலராக்கியது. அப்போதும் கொடுக்கவில்லை.

1958-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சங்கத்தின் பக்கம் நின்றது. சேர்ந்து இயங்குவதும் பேச்சுரிமையின் ஒரு பகுதிதான்; பட்டியல் வெளியே போனால் வேலை போகும், அடி விழும் என்ற நிலையில் பட்டியலைக் கேட்பதே அந்த உரிமையை நசுக்குவதாகும் என்றது தீர்ப்பு. இன்றைக்கும் நன்கொடையாளர் ரகசியத்துக்காக வாதாடும் எந்த வக்கீலும், அவர் கட்சிக்காரர் ஏழைகள் சங்கமானாலும் கோடீசுவரர்களின் அறக்கட்டளையானாலும், முதலில் எடுத்து வைப்பது இந்தத் தீர்ப்பைத்தான். ஆனால் அங்கே காக்கப்பட்டது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மாநில அரசாங்கத்தின் கையில் பட்டியல் போகாமல் தடுத்தார்கள். பலவீனமானவரின் பெயர் பலசாலிக்குத் தெரியாமல் இருந்தது.

பணம் எப்படிப் பேச்சு ஆயிற்று?

வாட்டர்கேட் ஊழலில் அமெரிக்க அதிபர் நிக்சனின் தேர்தல் குழு கணக்கில் வராத பணத்தைக் கையாண்டது வெளியே வந்த பிறகு, 1974-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கடுமையான ஒரு சட்டம் போட்டது. ஒரு வேட்பாளருக்கு ஒருவர் ஒரு தேர்தலுக்கு 1,000 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. வேட்பாளர் செலவுக்கும் உச்சவரம்பு. வேட்பாளரோடு சம்பந்தமே இல்லாத ஒருவர் தன் சொந்தப் பணத்தில் அவரை ஆதரித்தோ எதிர்த்தோ விளம்பரம் செய்தால் அதற்கும் 1,000 டாலர்தான். எல்லாக் கணக்கும் வெளியிடப்பட வேண்டும்.

1976-இல் பக்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை நடுவில் பிளந்தது. கொடுக்கும் பணத்துக்கு வரம்பு செல்லும், செலவழிக்கும் பணத்துக்கு வரம்பு செல்லாது. ஏன்? ஒருவருக்குப் பணம் கொடுப்பது ‘நான் உன்னை ஆதரிக்கிறேன்’ என்ற ஒரு சாடை மட்டுமே. பத்து டாலர் கொடுத்தாலும் ஆயிரம் கொடுத்தாலும் சொல்லும் சேதி ஒன்றுதான், ஆனால் கைம்மாறு எதிர்பார்க்கும் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். செலவு அப்படியில்லை. ஆயிரம் டாலர் வரம்பு இருந்தால் பெருநகரப் பத்திரிகையில் கால் பக்க விளம்பரம் போடுவதே குற்றமாகிவிடும் என்று நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். அடிக்குறிப்பு ஒன்றில் ஒரு நல்ல உவமையும் இருக்கிறது: எவ்வளவு வேண்டுமானாலும் பேசு, செலவுக்கு மட்டும் வரம்பு என்பது, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கார் ஓட்டு, ஆனால் பெட்ரோல் ஒரு டேங்க்தான் என்று சொல்வதைப் போல.

உவமை சரிதான். எதிர்க் கேள்வியும் உடனே வரும்: ஒருவருக்கு ஒரு டேங்க், இன்னொருவருக்கு எண்ணெய்க் கிணறே இருந்தால்? சமத்துவத்துக்காக ஒருவர் குரலை அடக்கி இன்னொருவர் குரலை உயர்த்துவது அரசியல் சாசனத்துக்கே அந்நியமானது என்று பக்லி தீர்ப்பு பதில் சொல்லிவிட்டது. அமெரிக்கச் சட்டம் அந்த இடத்திலிருந்து இன்றுவரை பெரிதாக நகரவில்லை. மற்ற நாடுகளில் பலவும் இந்தப் பதிலை ஏற்கவில்லை.

ஏற்காதவர்களும் சில சமயம் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். பிரிட்டனில் 1992 தேர்தலின்போது கருக்கலைப்பை எதிர்க்கும் அமைப்பு ஒன்றின் நிர்வாகி, மூன்று வேட்பாளர்களும் அந்த விஷயத்தில் என்ன நிலைப்பாடு எடுத்தார்கள் என்று துண்டறிக்கை அச்சிட்டு ஹாலிஃபாக்ஸ் தொகுதியில் வீடு வீடாகக் கொடுத்தார். வேட்பாளர் அல்லாத ஒருவர் அப்போது இப்படிச் செலவழிக்கச் சட்டம் அனுமதித்த தொகை ஐந்து பவுண்டு. ஐந்தே ஐந்து! அவர் மீது குற்ற வழக்கு போட்டார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1998-இல், இது கருத்துச் சுதந்திரத்தை மீறுகிறது என்றது. பிறகு பிரிட்டன் வரம்பை 500 பவுண்டாக உயர்த்தியது. பணத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் எவ்வளவு சுலபமாகப் பேச்சைக் கட்டுப்படுத்தும் சட்டமாக மாறிவிடும் என்பதற்கு இதைவிடச் சின்ன, இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பெயர் வெளியிடும் விதிகளிலும் இதே விபத்து நடக்கும். 1988-இல் ஓஹாயோவில் ஒரு பெண்மணி, பள்ளிக்கான புதிய வரித் தீர்மானத்தை எதிர்த்துக் கூட்டத்துக்கு வந்தவர்களிடம் துண்டறிக்கை கொடுத்தார். சில பிரதிகளில் தன் பெயரைப் போடாமல் ‘அக்கறையுள்ள பெற்றோரும் வரி செலுத்துவோரும்’ என்று மட்டும் போட்டிருந்தார். வெளியிடுபவர் பெயர் இல்லாத தேர்தல் துண்டறிக்கை மாநிலச் சட்டப்படி குற்றம். 100 டாலர் அபராதம். வழக்கு ஏறி ஏறி 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் 7-2 என்று வென்றது. பெரும்பான்மையின் கொடுங்கோன்மைக்கு எதிரான கேடயம் பெயரின்மை என்று நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதினார். தீர்ப்பைப் பார்க்க அந்தப் பெண்மணி உயிரோடு இல்லை. அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்து 1787-88-இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரைகளே ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் வந்தவைதான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் அந்த ஒரு பெயருக்குப் பின்னால் இருந்தார்கள்.

ஐந்து டாலரும் 160 கோடி டாலரும்

பக்லி தீர்ப்பு செலவு வரம்பைத் தூக்கி எறிந்தாலும் பெயர் வெளியிடும் விதியைத் தொடவில்லை. மூன்று காரணம் சொன்னது: பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் வேட்பாளர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்று வாக்காளர் ஊகிக்கலாம், வெளிச்சம் பட்டால் ஊழல் குறையும், வரம்பை மீறுபவரைப் பிடிக்கக் கணக்கு வேண்டும். கூடவே அலபாமாவை நினைவில் வைத்து, தொல்லைக்கு ஆளாகும் நியாயமான வாய்ப்பு உள்ள சிறு கட்சிகளுக்கு விலக்குக்கும் வழி வைத்தது. 1982-இல் ஓஹாயோவின் சோஷலிசத் தொழிலாளர் கட்சி அந்த வழியாக விலக்கு பெற்றது.

2010-இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு வந்தது. கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் தேர்தலில் சொந்தமாகச் செலவழிக்கலாம், வரம்பு கிடையாது என்று 5-4 பெரும்பான்மையில் சொன்னது. எல்லோருக்கும் அது நினைவிருக்கிறது. அதே தீர்ப்பில் 8-1 பெரும்பான்மையில் சொன்ன இன்னொன்றை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை: செலவழியுங்கள், ஆனால் பெயரை வெளியிடுங்கள் என்றது நீதிமன்றம். இணையக் காலத்தில் யார் எவ்வளவு கொடுத்தார் என்று பங்குதாரரும் குடிமகனும் உடனுக்குடன் பார்த்துக்கொள்ளலாம் என்று நீதிபதி கென்னடி நம்பினார். அந்த நம்பிக்கையின் மேல்தான் தீர்ப்பின் பாதிக் கட்டடம் நிற்கிறது.

நடந்தது வேறு. சூப்பர் பேக் என்ற குழுக்கள் வந்தன. வரம்பில்லாமல் வாங்கும், வரம்பில்லாமல் செலவழிக்கும், நன்கொடையாளர் பட்டியலைக் காட்டும். ஆனால் அந்தப் பட்டியலைப் பிரித்தால் சில இடங்களில் மனிதப் பெயருக்குப் பதில் இன்னொரு அமைப்பின் பெயர் இருக்கும். அந்த அமைப்பு வருமான வரிச் சட்டத்தின்படி ‘சமூக நலன்’ அமைப்பு. தனக்குக் கொடுத்தவர் பெயரை அது பொதுவெளியில் சொல்ல வேண்டியதில்லை. இருட்டுப் பணம் என்று அமெரிக்கர்கள் சொல்வது இதைத்தான். 2021-இல் சிகாகோ தொழிலதிபர் ஒருவர் தன் நிறுவனப் பங்குகளை இப்படியோர் அமைப்புக்குக் கொடுத்தார். விற்றதில் சேர்ந்த தொகை சுமார் 160 கோடி டாலர். பத்திரிகைகள் மறு ஆண்டு தோண்டி எடுக்கும்வரை வெளியே தெரியாது.

இதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். மத்தியத் தேர்தல்களில் ஒருவர் ஒரு வேட்பாளருக்குக் கொடுத்தது 200 டாலரைத் தாண்டினால்தான் அவர் பெயர், முகவரி, தொழில், முதலாளி யார் என்பதெல்லாம் பட்டியலில் ஏறும். ஆனால் ஆக்ட்ப்ளூ, வின்ரெட் போன்ற இணைய வசூல் தளங்கள் மூலம் கொடுத்தால், அந்தத் தளங்கள் இடைத்தரகராகக் கருதப்படுவதால் ஒவ்வொரு தொகையையும் பெயரோடு சமர்ப்பிக்கின்றன. ஐந்து டாலர் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் எந்த ஊரில் இருக்கிறார் என்று யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். நூற்று அறுபது கோடி கொடுத்தவரைத் தேட நிருபர்கள் வேண்டியிருந்தது. யாரும் திட்டமிட்டு இப்படி ஒரு சட்டம் எழுதியிருக்க மாட்டார்கள். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வந்து நின்ற இடம் இது.

சிறிய தொகை கொடுத்தவருக்குப் பெயர் வெளியானால் என்ன ஆகும் என்பதும் கற்பனை அல்ல. 2008-இல் கலிஃபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் எட்டாம் தீர்மானம் பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. மாநிலச் சட்டப்படி 100 டாலர் கொடுத்தவர் பெயரே பட்டியலில் ஏறிவிடும். யாரோ அந்தப் பட்டியலை எடுத்து இணைய வரைபடத்தில் பொருத்தினார்கள்; தெருவைப் பெரிதாக்கிப் பார்த்தால் எந்த வீட்டுக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்று தெரிந்தது. அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாக 1,000 டாலர் கொடுத்திருந்த பிரெண்டன் ஐக், ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கியவர், 2014-இல் மொசில்லா நிறுவனத்தின் தலைமைப் பதவிக்கு வந்ததும் எதிர்ப்புக் கிளம்பி, இரண்டே வாரத்துக்குள் பதவி விலகினார்.

அவருடைய கருத்து எனக்கு ஏற்புடையதல்ல. ஆனாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பொதுவாக்கெடுப்பில் லஞ்சம் வாங்க வேட்பாளரே கிடையாது. காகிதத்தில் எழுதிய ஒரு தீர்மானத்தை ஆயிரம் டாலர் கொடுத்து யாரும் விலைக்கு வாங்க முடியாது. அப்படியானால் பக்லி சொன்ன மூன்று காரணங்களில் ஊழல் தடுப்பு என்ற பெரிய காரணம் இங்கே அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது வாக்காளருக்குத் தகவல். நூறு டாலர் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எனக்கு என்ன தகவலைத் தரும்? பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட உதவும், அவ்வளவுதான்.

மறைந்த உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா இதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். 2010-இல் டோ வழக்கில், வாஷிங்டன் மாநிலத்தில் பொதுவாக்கெடுப்பு கேட்டு மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் பெயரை மறைக்கலாமா என்ற கேள்வி வந்தது. அரசியல் செயலுக்கு வெளிப்படையாக நிற்பது குடிமைத் துணிச்சலை வளர்க்கும், அது இல்லாவிட்டால் ஜனநாயகம் அழிந்தது என்று எழுதினார். கம்பீரமான வரி. ஆயுள்காலப் பதவியில் இருப்பவர் எழுதுவதற்கும், மாதச் சம்பளத்தில் இருப்பவர் கடைப்பிடிப்பதற்கும் நடுவே கொஞ்சம் தூரம் இருக்கிறது.

2021-இல் போன்டா வழக்கில் காற்று மறுபக்கம் அடித்தது. அறக்கட்டளைகள் தங்களுடைய பெரிய நன்கொடையாளர் பட்டியலைக் கலிஃபோர்னியா அரசுக்கு ரகசியமாகத் தர வேண்டும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் 6-3 என்று ரத்து செய்தது. ரகசியமாக வைத்திருப்போம் என்று சொன்ன மாநில அரசின் இணையதளத்திலேயே இரண்டாயிரத்துக்கு நெருங்கிய பட்டியல்கள் தவறுதலாக ஏறிக் கிடந்தது வழக்கில் வெளியானது. வழக்குப் போட்டது கோக் என்ற கோடீசுவரச் சகோதரர்களோடு தொடர்புடைய பழமைவாத அறக்கட்டளை. அதற்கு ஆதரவாக மனுப் போட்டவர்களில் அலபாமாச் சங்கத்தின் மரபில் வந்த சட்ட உதவி நிதியமும் ஒன்று. தங்கள் பழைய கேடயம் உடைந்துவிடக் கூடாது என்ற பயம் அவர்களுக்கு. கேடயத்தை இப்போது யார் பிடித்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

வாங்குபவருக்கே தெரியாவிட்டால்?

தலைகீழாக யோசித்தவர்களும் உண்டு. யேல் சட்டக் கல்லூரிப் பேராசிரியர்கள் இருவர் இருபத்து சொச்சம் வருடம் முன்பு ஒரு யோசனை வைத்தார்கள். வாக்கு ஏன் ரகசியம்? வாக்காளரை மிரட்டலிலிருந்து காப்பாற்ற மட்டுமல்ல. வாக்கை விலைக்கு வாங்குபவருக்குச் சரக்கு கைக்கு வந்ததா என்று தெரியாமல் போகும், சந்தை படுத்துவிடும். காசை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். நன்கொடைக்கும் அதே மாதிரி செய்தால் என்ன? பணம் ஒரு பொது அமைப்பு வழியாகப் போகட்டும். கொடுத்தவர் சில நாட்களுக்குள் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியட்டும். அப்போது ‘ஐயா, நான்தான் ஒரு கோடி கொடுத்தேன்’ என்று யார் வந்து சொன்னாலும் வேட்பாளர் நம்ப முடியாது. பொய் சொல்பவரும் அதையேதான் சொல்வார்.

சிலி நாடு ஏறத்தாழ இதை நடைமுறைப்படுத்திப் பார்த்தது. 2003 முதல் ‘ரகசிய நன்கொடை’ என்று ஒரு வகை: கம்பெனியோ தனிநபரோ தேர்தல் துறையிடம் பணத்தைக் கட்டுவார், துறை பெயர் சொல்லாமல் வேட்பாளரிடம் சேர்க்கும். காகிதத்தில் அழகாக இருந்தது. கொடுத்தவர்கள் வேட்பாளரிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு விடாமல் தொடர்ந்தது. 2014, 2015-இல் பென்டா, எஸ்க்யூஎம் என்ற பெரிய நிறுவனங்கள் போலி ரசீதுகள் மூலம் அரசியல்வாதிகளுக்குப் பணம் கொடுத்த ஊழல்கள் வெடித்தன. ரகசிய நன்கொடை முறை மீதும் நம்பிக்கை போயிற்று. 2016-இல் அதை ஒழித்து, கம்பெனி நன்கொடைக்கே தடை போட்டார்கள்.

வேட்பாளரிடமிருந்து ரகசியம் என்று எழுதிவைத்தால், கடைசியில் அது வாக்காளரிடமிருந்து மட்டுமே ரகசியமாகிவிடுகிறது. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பேசிக்கொள்ள ஒரு தொலைபேசி போதும்.

இந்தியத் தேர்தல் பத்திரத்தில் அந்த நடிப்புகூட அதிகம் தேவைப்படவில்லை. 2017 நிதிநிலை அறிக்கையில் அருண் ஜேட்லி அறிவித்து 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திட்டம். ஆயிரம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை ஐந்து மதிப்புகள், 15 நாள் ஆயுள். ஸ்டேட் பாங்க் மட்டுமே விற்கும். வாங்குபவர் தன் அடையாள ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். அந்த விவரத்தை வங்கி ரகசியமாக வைக்கும். நீதிமன்றம் கேட்டாலோ, குற்ற வழக்கு பதிவுசெய்த விசாரணை அமைப்பு கேட்டாலோ கொடுக்கும். கொஞ்சம் நின்று யோசித்தால் விளங்கும்: எதிர்க்கட்சிக்குக் கொடுத்தவர் பெயர் அரசுக்குத் தெரியவர வழி இருக்கிறது, ஆளுங்கட்சிக்குக் கொடுத்தவர் பெயர் வாக்காளருக்குத் தெரியவர வழியே இல்லை. அலபாமாவில் காத்த ரகசியத்தைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி.

கூடவே இன்னொரு மாற்றம். கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று இருந்ததை நீக்கினார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் கொடுக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று ஆயிற்று. ரிசர்வ் வங்கியும் தேர்தல் ஆணையமும் 2017-லேயே எழுத்தில் எச்சரித்தன.

2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்தது. தனியுரிமை வாதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று பலர் எழுதினார்கள். அப்படியல்ல. ஒருவரின் அரசியல் சார்பு அவருடைய தனியுரிமைக்குள் அடங்கும், நன்கொடை அந்தச் சார்பைக் காட்டலாம் என்று தலைமை நீதிபதி சந்திரசூட் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு செய்ததுதான் முக்கியம். ஆதரவைத் தெரிவிக்கக் கொடுக்கும் பணம், காரியம் சாதித்துக்கொள்ளக் கொடுக்கும் பணம் என்று பிரித்தார். முன்னதற்குத் தனியுரிமை உண்டு, பின்னதற்கு இல்லை. 20,000 ரூபாய்க்கு உட்பட்ட நன்கொடையாளர் பெயரைக் கட்சிகள் அறிக்கையில் தர வேண்டியதில்லை என்ற பழைய சட்டம் இரண்டு உரிமைகளுக்கும் ஓரளவு இடம் கொடுத்தது, பத்திரத் திட்டம் ஒன்றை அடியோடு அழித்துவிட்டது என்றார். விற்ற பத்திரங்களின் மதிப்பில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள். பயந்த சின்ன ஆதரவாளர்கள் வாங்கும் தாள் அல்ல அது.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 22,217 பத்திரங்களின் விவரத்தைப் பொருத்த ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது ஸ்டேட் பாங்க். அதாவது மக்களவைத் தேர்தல் முடியும்வரை. மார்ச் 11 அன்று நீதிமன்றம் மறுத்தது. அடுத்த நாளே பட்டியல் போய்ச் சேர்ந்தது, பத்து நாளில் அந்த ரகசிய எண்களும் வந்துவிட்டன. அதிகம் வாங்கியது கோவையோடு தொடர்புடைய லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். அமலாக்கத் துறையின் விசாரணையில் இருந்த நிறுவனம் அது. அதனிடமிருந்து 509 கோடி பெற்றதாகத் திமுக தானே தேர்தல் ஆணையத்திடம் சொல்லியிருந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய பத்திரங்களில் பாஜக பணமாக்கியது 6,000 கோடிக்கு மேல். விசாரணைக்கும் நன்கொடைக்கும் முடிச்சு இருக்கிறதா என்று பட்டியல் மட்டும் சொல்லாது. கேட்பதற்காவது ஒரு காகிதம் கையில் இருக்கிறது.

பத்திரங்கள் எப்படி வந்தன என்று கட்சிகள் கொடுத்த விளக்கங்களில் ஐக்கிய ஜனதா தளத்தின் கடிதம் எனக்குப் பிடித்தமானது. 2019 ஏப்ரல் 3 அன்று யாரோ ஒருவர் பாட்னா அலுவலகத்துக்கு வந்து மூடிய உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாராம். பிரித்துப் பார்த்தால் பத்து பத்திரங்கள், ஒவ்வொன்றும் ஒரு கோடி. கொடுத்தவர் யார் என்று விசாரிக்கவும் இல்லையாம்.

பத்திரம் போய்விட்டது. செலவுப் பக்கம் அப்படியே இருக்கிறது. மக்களவை வேட்பாளர் பெரிய மாநிலங்களில் 95 லட்சத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. கட்சி எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1974-லேயே சொல்லிப் பார்த்தது. அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி அதைச் செல்லாததாக்கினார்கள். வரவுப் பக்கம், பெரிய கம்பெனிகள் இப்போது தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகக் கொடுக்கின்றன. யார் போட்டார், யார் எடுத்தார் என்று இரண்டு பட்டியலும் வெளியாகும். நடுவில் எல்லாப் பணமும் ஒரே பானையில் கலந்துவிடுவதால், பல பேர் போட்டுப் பல கட்சிகள் எடுத்தால், யாருடையது யாருக்குப் போனது என்று சொல்ல முடியாது.

அந்த 20,000 ரூபாய் கோடும் அப்படியே இருக்கிறது. சின்ன ஆதரவாளரைக் காக்கப் போட்ட கோடு. பகுஜன் சமாஜ் கட்சி பல ஆண்டுகளாக, தனக்கு 20,000 ரூபாய்க்கு மேல் ஒரே ஒரு நன்கொடைகூட வரவில்லை என்று தேர்தல் ஆணையத்துக்கு அறிக்கை கொடுத்துவருகிறது. உண்மையாகவே தொண்டர்கள் பத்தும் ஐம்பதுமாகக் கொடுத்த பணமாக இருக்கலாம். அதைச் சரிபார்க்க உதவும் பெயர்கள் எதையும் அந்தக் கட்சியோ வேறு எந்தக் கட்சியோ ஆணையத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை.